பீரோவுல பூட்டி வச்ச மெஷின பிள்ளைக்க டெஸ்க்குக்கு கொண்டு வாங்க

கன்னியாகுமரி மாவட்டத்துல உள்ள பள்ளிக்கூட எச்.எம் சார்மாருக்கும் டீச்சர்மாருக்கும், எஸ்.எம்.சி (பள்ளி மேலாண்மைக் குழு) மீட்டிங்குக்கு வேலைய விட்டுட்டு போயிட்டு வர்ற அக்காமாருக்கும் வணக்கம்.

நான் திங்கள்சந்தை பக்கம் ஒரு மொபைல் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். வாத்தியார் கிடையாது, டாக்டர் கிடையாது. டிஸ்ப்ளே மாத்துறது, சார்ஜிங் பின் வைக்கிறது, தண்ணியில விழுந்த போன காய வைக்கிறது, இதான் நம்ம தொழில். பிறகு எதுக்குடா நீ பள்ளிக்கூடத்துக்கு லெட்டர் போடுறன்னு கேட்டா, ஒரு மழைக்காலத்துல என் கடைக்கு வந்த ஒரு ஹியரிங் எய்டுதான் காரணம்.

கடப்பொறத்துல (கடற்கரை ஊருல) இருந்து ஒரு அக்கா, கைக்குட்டைல எதையோ பொதிஞ்சு கொண்டு வந்தாங்க. தம்பி இது போன் இல்ல, ஆனா சின்ன மெஷின்தான், பாத்துத் தருவியான்னு கேட்டாங்க. தொறந்து பாத்தா காதுக்குப் பின்னால மாட்டுற மெஷின், கேம்ப்ல குடுத்தது. பேட்டரி போடுற இடத்துல கதவ நீக்கினா உள்ள பச்சை களிம்பு புடிச்சு கெடக்கு. பேட்டரி எப்ப மாத்துனீங்க அக்கான்னு கேட்டேன். அவங்க என்னைய பாத்து, மாத்தணுமா தம்பின்னு கேட்டாங்க.

அந்தப் பிள்ளை நாலாங்கிளாஸ். மூணு மாசமா செத்துப்போன மெஷின காதுல மாட்டிட்டு தினமும் பள்ளிக்கூடம் போயிட்டு வந்திருக்கு. மெஷின் போட்டுட்டு வரணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க, பிள்ளையும் சொன்ன பேச்சு கேட்டு போட்டுட்டு போயிருக்கு. இதுல எனக்கு வெப்ராளமா போனது என்னன்னா, அந்த மெஷினோட நுனியில காதோட அளவுக்கு செஞ்ச ஒரு மோல்டு இருக்கும்லா, அது காத நல்லா அடைச்சுக்கும், மெஷின் ஓடுனா அது வழியா சத்தம் உள்ள போகும், மெஷின் ஓடலன்னா அது வெறும் அடைப்பு. அதாவது அந்தப் பிள்ளைக்கு மெஷின் இல்லாம கொஞ்சமாவது கேட்டுட்டு இருந்ததையும் நாம மூணு மாசம் அடைச்சு வச்சிருக்கோம். ரிப்போர்ட் கார்டுல "வகுப்பில் கவனம் இல்லை"ன்னு எழுதியிருந்ததா அந்த அக்கா சொன்னாங்க.

டீச்சர குத்தம் சொல்ல இத எழுதல. அம்மாவுக்கே தெரியல, டீச்சருக்கு மட்டும் எங்க இருந்து தெரியும். கேம்ப்ல மெஷின் குடுத்தவங்க கூட ஒரு பேட்டரி அட்டை குடுத்திருக்காங்க, போட்டோ எடுத்திருக்காங்க, அத்தோட முடிஞ்சுது. அந்த பேட்டரி ஜிங்க் ஏர்னு சொல்ற வகை, பின்னால ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அத உரிச்சதும் காத்து உள்ள போயி வேலை செய்ய ஆரம்பிக்கும், உரிச்சு ஒரு நிமிஷம் வெளிய வச்சுட்டு போடணும், உரிச்ச பிறகு நீங்க மாட்டினாலும் மாட்டலன்னாலும் அது தீர்ந்துட்டேதான் இருக்கும். மெஷினப் பொறுத்து ஒரு வாரம், ரெண்டு வாரம், அவ்வளவுதான் ஆயுசு. மூணு மாசத்துக்கு பேட்டரி மட்டும் எத்தன வேணும்னு நீங்களே கணக்கு போட்டுக்கிடுங்க.

நம்ம ஊரு வேற. தென்மேற்கு மழையும் நமக்கு, வடகிழக்கு மழையும் நமக்கு, ரெண்டுக்கும் நடுவுல வேர்வையும் உப்புக்காத்தும். கடப்பொறத்துல ஒரு வருஷம் ஓடுன போன தொறந்து பாத்தா போர்டுல உப்பு பூத்து கெடக்கும், இது நான் தினமும் பாக்குறது. காதுல மாட்டுற மெஷினுக்கும் அதே கதிதான். ராத்திரி பேட்டரிய எடுத்துட்டு கதவ தொறந்தபடி ஒரு மூடி போட்ட டப்பாக்குள்ள சிலிக்கா ஜெல் உருண்டை கூட போட்டு வச்சா போதும், ஈரத்த அது இழுத்துக்கும், உருண்டை நெறம் மாறினா காய வச்சு திரும்பவும் போடலாம். இத அந்த அக்காவுக்கு யாரும் சொல்லல. நான் டெர்மினல சுத்தம் பண்ணி புது பேட்டரி போட்டேன், நல்ல வேளை ஓடுச்சு, ஓடலன்னா எனக்கு அதுக்கு மேல தெரியாது, ஆஸ்பத்திரியில காது கேக்குறத டெஸ்ட் பண்ற ஆடியாலஜிஸ்ட பாக்க அனுப்பியிருப்பேன்.

இப்ப நான் கேக்குறது இதுதான். காலைல பிரேயர் முடிஞ்சு உள்ள வந்ததும் அந்த மெஷின கழட்டி ரெண்டு கைக்குள்ள பொத்திப் பாருங்க, ஓடுற மெஷின்னா பெரும்பாலும் கீய்ய்னு விசில் அடிக்கும், செத்ததுன்னா அமைதியா இருக்கும். இன்னும் நல்லா பாக்கணும்னா லிங் டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு, பிள்ளைக்கு பின்னால நின்னுட்டு ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் ஆறு சத்தத்தையும் ஒண்ணொண்ணா சொல்லணும், பிள்ளை கேட்டத திருப்பிச் சொல்லணும் இல்லன்னா கைய தூக்கணும். டேனியல் லிங்குன்னு ஒருத்தர் உண்டாக்கினது, நாம பேசுற பேச்சுல உள்ள தாழ்ந்த சத்தத்துல இருந்து உசந்த சத்தம் வரைக்கும் இந்த ஆறுலயே அடங்கிரும். அர நிமிஷம் ஆகும். அட்டெண்டன்ஸ் எடுக்குறதுக்கே அத விட நேரமாகும்.

இன்னொரு விசயம், மெஷின் ஓடுதுன்னு வைங்க, அப்பவும் அது நம்ம காது மாதிரி கிடையாது. ஒண்ணு ரெண்டு மீட்டர் தூரத்துல பேசுனா நல்லா புடிக்கும், அதுக்கு மேல போனா ஃபேன் சத்தம், பெஞ்ச் இழுக்குற சத்தம், அடுத்த கிளாஸ் வாய்ப்பாடு எல்லாத்தையும் சேத்து பெருசாக்கி காதுல கொட்டும். தகர ஷீட்டு போட்ட கிளாஸ்ல மழை பெஞ்சா நமக்கே ஒண்ணும் கேக்காது, அந்தப் பிள்ளைக்கு என்ன கேக்கும்? இதுக்குத்தான் டீச்சர் சட்டைல மாட்டிக்கிற சின்ன மைக் இருக்கு, எஃப்.எம் சிஸ்டம்னு சொல்லுவாங்க, டீச்சர் பேசுறது நேரா பிள்ளைக்க மெஷினுக்கு போகும். அது இல்லாத இடத்துல மொத பெஞ்சு, முகத்த பாத்து பேச்சு. போர்டு பக்கம் திரும்பி எழுதிட்டே பாடம் நடத்தாதீங்க, எழுதி முடிச்சு திரும்பி நின்னு பேசுங்க. இதுக்கு கரண்டு கூட வேண்டாம்.

சரி, பீரோ கதைக்கு வர்றேன்.

எனக்க அக்கா மவன் ஒம்பதாங்கிளாஸ் படிக்கிறான். பிறவியிலயே பார்வை கொறவு, கண்ணு ஆடிட்டே இருக்கும், பக்கத்துல வச்சு பெருசா காட்டுனா படிச்சிருவான், போர்டுல உள்ளது எத்தன முன்னால உக்காந்தாலும் தெரியாது. அவனுக்கு ஒரு டேப்லெட் வந்துது. எங்க இருக்குன்னு கேட்டேன், எச்.எம் ரூம் பீரோவுல பத்திரமா இருக்கு மாமான்னான். ஏன்னா உடைஞ்சா யாரு பதில் சொல்றது, ஸ்டாக் ரிஜிஸ்டர்ல இருக்குற பொருள், ஆடிட் வந்தா காட்டணும். பீரோ சாவி ஒரு சார்கிட்ட, அந்த சார் பாதி நாள் எலெக்‌ஷன் டியூட்டி, டிரெயினிங், இன்னும் என்னென்னமோ. சார் வர்ற அன்னைக்கு டேப்லெட்ல சார்ஜ் இல்ல. வருஷத்துல அவன் அத தொட்டது விரல் விட்டு எண்ணிரலாம்.

பேப்பர் பிரகாரம் பாத்தா எல்லாம் ஒழுங்கு. பிள்ளைக்கு கருவி வழங்கப்பட்டதுன்னு கையெழுத்து இருக்கு.

அக்கா போயி எச்.எம் கிட்ட கேட்டா, இவனுக்கு கிளாஸ்ல குடுத்தா எல்லாரும் கேப்பாங்கம்மான்னாரு. நானும் போனேன், கொஞ்சம் சத்தம் போட்டுட்டேன், அது தப்புதான், பிறகு சாயா வாங்கிக் குடுத்தே சமாதானம் பண்ணாரு, நல்ல மனுஷன்தான். கடைசில ஒரு மாசம் டிரையல் பாப்போம்னு சம்மதிச்சாரு. என்ன ஆச்சு தெரியுமா, ரெண்டு நாள் எல்லா பயலுவளும் சுத்தி நின்னு பாத்தானுவ, கேம் இருக்கான்னு கேட்டானுவ, கேம் இல்லன்னதும் மூணாவது நாள் எவனும் திரும்பிக் கூட பாக்கல. மருமவன் போர்ட போட்டோ எடுத்து பெருசாக்கி எழுதுவான், இப்ப எழுதி முடிக்காத பயலுவ ரீசஸ்ல இவன்கிட்ட வந்து, மக்கா அந்த போட்டோவ காட்டுலே ஒருக்கான்னு நிக்கானுவ. முன்னால இவன் நோட்டு வாங்க அவனுவ பின்னால ஓடிட்டு இருந்தான்.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் ஒரு வரி. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 17வது பிரிவு, நாப்பது சதவீதமும் அதுக்கு மேலயும் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 18 வயசு வரைக்கும் புத்தகமும் தேவையான உதவிக் கருவிகளும் இலவசமா குடுக்கணும்னு இருக்கு. 1995ல வந்த பழைய சட்டத்துல 7 வகை குறைபாடுதான், இதுல 21, டிஸ்லெக்ஸியா மாதிரி கற்றல் குறைபாடும் உள்ள வந்தாச்சு. பள்ளிக் கல்விக்கு மத்திய சர்க்கார் நடத்துற திட்டம் சமக்ர சிக்‌ஷாவுல ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 3500 ரூபாய்னு கணக்கும் இருக்கு. குடுக்கணும்னா படிக்கக் குடுக்கணும்னுதானே அர்த்தம், பீரோவுக்கு குடுக்கணும்னு எந்த சட்டத்துலயும் நான் பாக்கல. எஸ்.எம்.சி அக்காமாரே, அடுத்த மீட்டிங்ல ஒரே ஒரு கேள்வி கேளுங்க: நம்ம பள்ளிக்கூடத்துல இப்படி வந்த சாமான் என்னென்ன, இப்ப எங்க இருக்கு, சாவி யாருகிட்ட. உடைஞ்சா பிள்ளைக்க தலையில கட்ட மாட்டோம்னு அந்த மீட்டிங்லயே ஒரு தீர்மானம் எழுதிப் போடுங்க, சார்மாருக்க பயம் பாதி அதுலயே போயிரும். பேட்டரிக்கும் ஒரு வழி அங்கேயே பேசி முடிச்சிருங்க.

அடுத்தது கம்ப்யூட்டர். இது என்னோட ஏரியா, கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கிடுங்க.

கண்ணே தெரியாத பிள்ளைகளுக்கு ஸ்கிரீன்ல உள்ளத வாசிச்சுக் காட்டுற சாஃப்ட்வேர் வாங்க பட்ஜெட் இல்லன்னு ஒரு பள்ளிக்கூடத்துல சொன்னதா கேள்விப்பட்டேன். என்விடிஏன்னு ஒண்ணு இருக்கு, பைசா செலவு கிடையாது. 2006ல ஆஸ்திரேலியால மைக்கேல் கரன் ஆரம்பிச்சு, ஜேம்ஸ் டேயையும் கூட சேத்து செஞ்சது, ரெண்டு பேருக்கும் கண்ணு தெரியாது, காசு குடுத்து வாங்குற சாஃப்ட்வேர் விலை தாங்க முடியாமத்தான் நாமே செஞ்சிரலாம்னு எறங்கினது. விண்டோஸ் கம்ப்யூட்டர்ல ஓடும், தமிழும் வாசிக்கும், குரல் கொஞ்சம் ரோபோ மாதிரி இருக்கும், ரெண்டு வாரத்துல பழகிரும். லேப் கம்ப்யூட்டர்ல எதையும் இன்ஸ்டால் பண்ணக் கூடாதுன்னு ஆர்டர் இருக்குன்னா கவலைப்படாதீங்க, பென்டிரைவ்ல இருந்தே ஓடுற மாதிரி அதுல ஒரு வழி இருக்கு. ஆண்ட்ராய்டு போன்ல அதுவும் வேண்டாம், டாக்பேக் உள்ளேயே இருக்கு, செட்டிங்ஸ்ல போயி ஆன் பண்ணா போதும். ஆனா ஆன் பண்ணிட்டு போன் ஹேங் ஆயிட்டுன்னு என் கடைக்கு ஓடி வராதீங்க, வாரத்துக்கு ஒருத்தர் அப்படி வர்றாங்க. அதுல தொட்டா என்னன்னு சொல்லும், ரெண்டு தட்டு தட்டுனாதான் தொறக்கும்.

சாஃப்ட்வேர் ஓசிதான், ஆனா நீங்க அனுப்புற கொஸ்டின் பேப்பர அது வாசிக்கணுமே. பள்ளிக்கூட வாட்ஸப் குரூப்ல வர்றது பூரா போட்டோ, இல்லன்னா ஸ்கேன் பண்ண பி.டி.எப், அது அந்தச் சாஃப்ட்வேருக்கு வெறும் படம், வாயத் தொறக்காது. டைப் அடிச்சு அனுப்புனாலும் பாமினி மாதிரி பழைய ஃபாண்ட்ல அடிச்சா கதை முடிஞ்சுது. ஏன்னா அந்த ஃபாண்ட்ல கண்ணுக்குத்தான் தமிழ், உள்ள இருக்குறது இங்கிலீஷ் எழுத்து. "அம்மா"ன்னு நீங்க பாமினில அடிச்சது அந்தப் பிள்ளைக்கு எப்படி கேக்கும் தெரியுமா: எம், கே, செமிகோலன், கே, எச். ஒரு பக்கம் முழுக்க இப்படி கேட்டா யாருக்குத்தான் கிறுக்கு புடிக்காது. எல்லா கம்ப்யூட்டரும் தமிழ் எழுத்த தமிழாவே புரிஞ்சுக்கிற யுனிகோட் முறைல அடிச்சா அம்மான்னே வாசிக்கும். நம்ம தமிழ்நாடு அரசே 2010ல யுனிகோட ஏத்துக்கிட்டு ஆணை போட்டாச்சு, ஆனா பல டி.டி.பி கடைல இன்னும் பழைய ஃபாண்ட்தான். டீச்சர்மாரே, டைப்பிங்குக்கு குடுக்கும்போது யுனிகோட்ல வேணும்னு ஒரு வார்த்தை, அத்தோட வேர்ட் ஃபைலையும் கேட்டு வாங்கி வச்சுக்கிடுங்க. பழைய பேப்பர மாத்துறதுக்கு கன்வர்ட்டர் ஆன்லைன்லயே கெடக்கு.

இத எல்லாம் சொல்லிட்டு ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். கம்ப்யூட்டர் வந்தாச்சு, இனி பிரெயில் எதுக்குன்னு சில பேரு ஆரம்பிச்சிட்டாங்க. அது தப்பு. காதால மட்டும் கேட்டு வளர்ற பிள்ளைக்கு ந, ன, ண வித்தியாசம் எங்க இருந்து தெரியும்? பேச்சுத் தமிழ்ல பல ஊர்லயும் ரகரமும் றகரமும் ஒண்ணாத்தான் கெடக்கு, அந்த ரோபோ குரலுக்கு மட்டும் என்ன பெருசா தெரிஞ்சிரப் போகுது. பிரெயில்ல ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி புள்ளி, விரலால தடவுனாதான் எழுத்து மனசுல நிக்கும். நமக்கு கண்ணால பாத்துப் படிச்சும் ஸ்பெல்லிங் மிஸ்டேக் வருது, எனக்க இந்த மடல்லயே எத்தன இருக்கோ. அந்தப் பிள்ளைக்கு ஸ்லேட்டும் ஊசியும் குடுத்து அதையும் படிக்க வைங்க, கூடவே கம்ப்யூட்டரையும் குடுங்க.

பேச்சு வராத பிள்ளைகள் பத்தி எனக்கு அனுபவம் கம்மி, ஒரு வீட்டுல பாத்தத மட்டும் சொல்றேன். சொல்ல வேண்டியதெல்லாம் படமா இருக்கும், தொட்டா மெஷின் பேசும், அப்படி ஆப் இருக்கு, ஆவாஸ்னு ஒண்ணு நம்ம சென்னையில உண்டானதுதான், தமிழும் பேசும், காசு குடுத்து வாங்கணும். வாங்க முடியாதவங்க சார்ட் அட்டைல படம் ஒட்டி செய்யலாம், அந்த வீட்டுல அப்படித்தான் செஞ்சிருந்தாங்க. தண்ணி, சோறு, ஒண்ணுக்கு, வலிக்கு, எல்லாம் இருந்துது. ஆனா "வேண்டாம்" இல்ல. அந்தப் பையன் வேண்டாம்ங்கிறத சொல்ல அட்டைய தூக்கி எறிஞ்சுட்டு இருந்தான், எல்லாரும் அவன் சேட்டைக்காரன்னு நெனச்சிட்டு இருந்தாங்க. ஒரு கை படம் ஒட்டி வேண்டாம்னு எழுதினாங்க, எறியிறது பாதி கொறைஞ்சுது. உங்க கிளாஸ்ல அப்படி ஒரு அட்டை இருந்தா அந்த ஒரு படம் இருக்கான்னு மொதல்ல பாருங்க.

வீல் சேர் பத்தி நீளமா பேச ஒண்ணுமில்ல. மேக்க போனா நம்ம பள்ளிக்கூடம் பாதி மேட்டுலதான் இருக்கு, படி ஏறாம எதுக்குள்ளயும் போக முடியாது. ஒரு அடி ஒசரத்துக்கு பன்னெண்டு அடி நீளம் வச்சு சாய்வுதளம் கட்டணும்னு கணக்கு, சில இடத்துல அஞ்சடி நீளத்துல கட்டி வச்சிருக்காங்க, அதுல வண்டி ஏறாது, சறுக்கி வெளையாடத்தான் ஆகும். கட்டுறதுக்கு முன்னால காண்ட்ராக்டர்கிட்ட டேப்ப புடிச்சு அளந்து காட்டச் சொல்லுங்க.

பி.ஆர்.சில (வட்டார வள மையத்துல) இருந்து வர்ற ஸ்பெஷல் எஜுகேட்டர்மாரப் பத்தி யாரும் குத்தம் பேச வேண்டாம். தொகுப்பூதியத்துல ஓடுற ஆளுங்க, ஒரு ஆளுக்கு எத்தனையோ பள்ளிக்கூடம், பஸ் புடிச்சு வந்து ஒரு மணி நேரம் பாத்துட்டு அடுத்த பஸ் புடிக்கணும். அவங்க வர்ற நாள்ல மட்டும் பீரோ தொறக்குற பழக்கத்த விடுங்க. அவங்க வந்தா கிளாஸ் டீச்சரும் கூட உக்காந்து, இத எப்படி ஆன் பண்றது, எப்படி சார்ஜ் போடுறதுன்னு கத்துக்கிடுங்க. மீதி நாள் பூரா பிள்ளை உங்க கூடத்தானே இருக்கு.

பத்தாங்கிளாஸ் டீச்சர்மாருக்கு மட்டும் ஒண்ணு. பரீட்சைல சொல்வதை எழுதுபவர் உண்டு, ஒரு மணி நேரம் கூடுதல் உண்டு, மொழிப்பாடத்துல விலக்கு உண்டு, ஆனா சர்ட்டிபிகேட்டும் விண்ணப்பமும் முன்னாலயே போகணும். இதுக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு அலையணும், பெத்தவங்க கூலி வேலைக்கு லீவு போடணும், அதனால ஜூன்லயே சொல்லிருங்க, டிசம்பர்ல ஞாபகம் வந்து சொன்னா அவங்க எங்க ஓடுவாங்க. அதே மாதிரி எழுதிக் குடுக்க ஆளு வச்சு பரீட்சை எழுதுறதுக்கும் பழக்கம் வேணும், வாயால சொல்லி எழுத வைக்கிறது லேசு கிடையாது, காலாண்டுலயே அப்படி எழுத வச்சுப் பாருங்க.

2011 சென்சஸ்ல 91.75 சதவீதம், எழுத்தறிவுல தமிழ்நாட்டுலயே நாமதான் ஃபஸ்ட்னு எந்த மேடைல பேசுனாலும் சொல்றோம், எனக்கும் பெருமைதான், கடைக்கு வர்ற வெளியூர்க்காரன்கிட்ட நானும் சொல்லியிருக்கேன். மிச்சம் எட்டுல இந்தப் பிள்ளைக எத்தனன்னு யாராவது எண்ணிப் பாத்திருப்பாங்களான்னு தெரியல.

அந்த கடப்பொறத்து அக்கா இப்ப ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வர்றாங்க. பேட்டரி நான் நாகர்கோவில் போகும்போது வாங்கி வச்சிருவேன், வாங்குன விலைதான், கூட ஒரு ரூபா வைக்கிறதில்ல. போன தடவை பிள்ளையும் வந்துது. நான் மெஷின கைல பொத்திப் பாக்குறதுக்கு முன்னால அதுவே வாங்கி பொத்திப் பாத்துட்டு, கீய்ய்ங்குது அண்ணான்னு சொல்லிச்சு.

ஞாயித்துக்கெழமை மத்தியானத்துக்கு மேல என் கடைல கூட்டம் இருக்காது. என்விடிஏ பென்டிரைவ்ல போட்டுத் தர்றது, டாக்பேக் சொல்லித் தர்றது, பாமினி ஃபைல யுனிகோடுக்கு மாத்தித் தர்றது, எந்த பள்ளிக்கூடத்து டீச்சர் வந்தாலும் காசு வாங்க மாட்டேன். பென்டிரைவ் மட்டும் நீங்களே கொண்டு வாங்க, தயவு செஞ்சு வைரஸ் இல்லாததா.

இப்படிக்கு,
திங்கள்சந்தை மொபைல் கடைக்காரன்